ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா

கல்யாணமாகி இரண்டு வருடமாக என் புருஷனை எனக்குச் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை விடியற்காலை வரைக்கும்தான் தெரியும். மற்ற நாட்களில் அவர் கஹவத்தைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கொழும்பில், ஒரே குளியலறைக்கு ஆறு பெண்கள் சண்டை போடும் போர்டிங்கில் இருப்பேன். கல்யாணமாகியும் கட்டைப் பிரம்மச்சாரி என்று ஃபேக்டரியில் அவரைக் கேலி செய்வார்களாம். அதை அவர் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

என் வேலை, துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்கான பத்திரங்களைத் தயார் செய்வது. எங்கள் கம்பெனியின் பத்திரங்கள் எல்லாம் ஆபீசில் ஒரு குளிரூட்டிய சின்ன அறைக்குள் இருக்கும் சர்வரில், ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. ஆபீசுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. ஆனால் வீபிஎன் என்று ஒன்று உண்டு. லேப்டாப்பில் அதைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், இணையத்துக்குள்ளேயே ஒரு தனிப் பாதை போட்டு நம்மை ஆபீசுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். உடம்பு கஹவத்தையில், வேலை கொழும்பில். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் மேடத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவியான மேடம் கெட்டவர் அல்ல. ஆனால் வார்த்தையை அளந்து பேசுபவர். ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்து பார், என்றார். அந்த வார இறுதியில் ஒரு கப்பல் வருகிறது. அதற்கான பத்திரங்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஃபோல்டரில் தயாராக இருந்தால், இனி மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் பக்கம் தலையைக் காட்டினால் போதும். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் என் நாற்காலி எனக்காகக் காத்திருக்கும். இந்தப் பேச்சை அதன்பிறகு எடுக்கக்கூடாது. நான் அடக்கமாகத் தலையாட்டிவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு ஆட்டம் போட்டேன்.

லேப்டாப்பில் வீபிஎன்னைப் போட்டுக் கொடுத்தவர் ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள அண்ணன். ரம்புக்கனைக்காரர். தினமும் ரயிலில் வந்து ரயிலில் போகிறவர். என்னை நங்கி, தங்கச்சி, என்பார்; நான் அவரை அய்யே, அண்ணா, என்பேன். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். அவருடைய ஃபோன் இணைப்பில் என் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தார். ஃபோல்டர் சட்டென்று திறந்தது. தோட்டத்திலிருந்தும் இதே மாதிரிதான் திறக்கும், பயப்படாமல் போ, என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தண்ணீர்க் குழாயும் ஒன்றுதான், வைஃபையும் ஒன்றுதான். ரவுட்டரை வாங்கியது என் புருஷன். ஆனால் எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவுக்கு முன்னால் மலை நிற்பதால் சிக்னல் துளியும் வராது; ஃபோனில் பேசுவதுகூட வைஃபை வழியாகத்தான். லயத்தின் கடைசியில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னல் மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறக்கிறது. அதனால் ரவுட்டர் அக்கா வீட்டில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே உள்ள பலகையில் குடியேறியது. வீடு மந்திரிக்க வந்த மாதா கோயில் சுவாமியார் அதன் மேலும் இரண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனாராம். ஆன்டெனா வெளியே ஒரு மூங்கிலின் உச்சியில் இருந்தது. ரவுட்டர் அக்கா வீட்டில் இருந்ததால் கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் வாங்கிய பெரிய டீவியும் அதில் சேர்ந்துகொண்டது. அக்கா வீட்டுக்கு ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் போகும்போது பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. லயத்தில் பாஸ்வேர்ட் இல்லை என்று சொல்வது, குடிக்கத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்வது போல.

திங்கட்கிழமை காலையில் குளித்து, ஆபீசுக்கு உடுத்துவது போலவே உடுத்தி, கட்டில் ஓரத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு வந்தது. இணைந்துவிட்டது என்று எழுத்தும் வந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் பச்சை, மறுபடியும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். காலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், பேரும் பதிந்து, கூடையோடு நிற்கிறேன். எந்த மலைக்குப் போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று முழுவதும் அய்யே ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். பெயரை மாற்றிப் பார்த்தோம், பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தோம், வீபிஎன்னை எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்த என் புருஷன் ஒரே பார்வையில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். மழைதான் காரணம், ஆன்டெனா போதாது என்றார். மறுநாள் அரை நாள் லீவு போட்டு இன்னும் நீளமான மூங்கிலாக வெட்டி வந்து, லயமே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, அதை நட்டார். பக்கத்து டிவிஷனிலிருந்து பார்த்தால் எங்கள் லயத்தில் கோயில் கொடியேறியிருக்கிறது என்று நினைப்பார்கள். சிக்னல் கூடியது. ஃபோல்டர் திறக்கவில்லை.

அதோடு என் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்று, லயத்தில் எல்லோரும் ஒரு மணி நேரம் வைஃபையை நிறுத்தினால்தான் எனக்கு வேலை நடக்கும் என்று சத்தம் போட்டேன். எல்லோரும் நிறுத்தினார்கள். அக்கா சீரியலைக்கூட நிறுத்தினார். லயம் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி அமைதியாகிவிட்டது. ஃபோல்டர் அப்போதும் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிவதற்கு முன்பே நான் வெட்கத்தோடு வெளியே போய், போடுங்க போடுங்க என்று சொல்ல வேண்டியதாயிற்று.

புதன்கிழமை அய்யே ஃபோனில் ஒரு புதிய வித்தையோடு வந்தார். பிங் என்று பெயர். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த மெஷின் இருக்கிறேன் என்று பதில் சொல்லும். பெரட்டில் பேர் கூப்பிடுவது போலத்தான். ஆபீஸ் சர்வரின் எண்ணைச் சொன்னார், நான் அடித்தேன். பதில் வந்தது. ஒன்றல்ல, கூப்பிடக் கூப்பிட வரிசையாக வந்தது. அய்யேவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிலும் பதில் வந்த வேகத்தைப் பார்த்து அசந்துபோனார். கொழும்பிலேயே வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பதில் வராதாம். இதை நான் என் புருஷனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் வெளியே போய் மூங்கிலைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டி ஒன்று கூடுதலாக இறங்கியது.

சர்வர் இருக்கிறது, பதில் சொல்கிறது, ஆனால் ஃபோல்டரைத் தரமாட்டேன் என்கிறது. அப்படியானால் குற்றம் என் லேப்டாப்பில் என்று அய்யே முடிவு கட்டினார். வியாழக்கிழமை முழுவதும் கொழும்பிலிருந்தே என் லேப்டாப்புக்குள் நுழைந்து அதன் குடலை உருவிப் பார்த்தார். பிங் மட்டும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பதில்கள் திடீரென்று நின்றுபோயின. சர்வர் செத்துவிட்டது என்று அவர் அலறிக்கொண்டு ஓடினார். ஃபோனில் செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆபீசில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்றார். நாங்கள் இதைப் பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, பதில்கள் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வர ஆரம்பித்தன. நாளைக்குப் பார்ப்போம் நங்கி, என்று ஃபோனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடம் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், சமாளித்திருப்பேன். அவர் அன்பாகப் பேசினார். பரவாயில்லை, முயற்சி செய்தாய், ராத்திரிவரை பார். முடியாவிட்டால் நான் வேறொருவரை வைத்துப் பத்திரத்தை முடித்துக்கொள்கிறேன், நீ திங்கட்கிழமை வந்துவிடு, என்றார். ஃபோனை வைத்தபிறகு நான் அழுதேன். இரண்டு வருடத்தில் பஸ்சில் தூங்கிய தூக்கம், போர்டிங்கில் தனியாகச் சாப்பிட்ட சோறு, எல்லாம் சேர்ந்து வந்தது. என் புருஷன் வேலை முடிந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து என் பயணப் பையை இழுத்துத் தூசு தட்டி, ஜிப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரைவரை போகாது. அக்கா வீட்டுச் சத்தமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவர் பார்க்கும் சீரியலின் கதை முழுவதும் எனக்கு மனப்பாடம், முகங்கள்தான் தெரியாது. அன்றும் சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபமாலை நேரம் வந்தது. அக்கா டீவியை நிறுத்தினார். அவர் ரிமோட்டை நம்புகிற ஆள் இல்லை. இரத்தினபுரிப் பக்கத்து இடிக்குப் பயந்து ப்ளக்கையே பிடுங்கிவிடுவார். சீரியல்காரி பாதி அழுகையில் நின்றாள். என் திரையில் பதில்களும் நின்றன.

நேற்றும் இதே நேரம்தான் நின்றது. நேற்றும் இந்த அமைதியில்தான் அய்யே செருப்போடு ஓடினார்.

நான் எழுந்து ஓடினேன். அக்கா வீட்டில் ஐந்தாறு பேர் முழங்காலில் இருந்தார்கள். ஜெபமாலையின் முதல் பத்து மணிகளுக்கான ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் போய் டீவியைப் போடச் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தங்கச்சி, மாதா முன்னால டீவியா போடச் சொல்றீங்க,” என்றார் அக்கா.

“ஒரே ஒரு தடவ போட்டு எடுங்கக்கா. நான் இங்க இருக்கிறதா போறதான்னு அதுலதான் இருக்கு.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ப்ளக்கைச் செருகினார். நான் நடுச்சுவருக்கு மேலாகக் கத்தி, திரையைப் பார்க்கும்படி என் புருஷனிடம் சொன்னேன். டீவி உயிர் பெறுவதற்குள் ஜெபம் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்துருச்சு என்று குரல் கேட்டது. அக்கா ப்ளக்கைப் பிடுங்கினார். நின்னுருச்சு என்றது குரல். செருகினார். கொஞ்ச நேரம் கழித்து, வந்துருச்சு. மூன்றாம் முறை நான் கேட்கவே இல்லை. அக்காவுக்கே ருசி பிடித்துவிட்டது.

மூன்று நாட்களாக எங்களுக்குப் பதில் சொன்னது கொழும்பு சர்வர் இல்லை. அக்காவின் டீவி.

எப்படி என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்குக் காரணம் படிப்பு அல்ல, ஒரு பசுமாடு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்த கதை அது. என் ஊர் கேகாலைப் பக்கம், ரப்பர் தோட்டம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. மேல் டிவிஷனிலும் லயங்களை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், கீழ் டிவிஷனிலும் ஒன்றிலிருந்துதான். என் அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு ஃபோனில் ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா என்று மட்டும் சொல்லிவிட்டார். எந்த டிவிஷன் என்று சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த இடம். நாங்கள் எந்த டிவிஷன் என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

கஹவத்தையிலிருந்து வந்த வேன் முதலில் கண்ணில் பட்ட கீழ் டிவிஷனில் நின்றது. ஐந்தாம் லயம் இருந்தது. மூன்றாம் காம்பராவும் இருந்தது. கதவைத் தட்டியதும், வாங்க வாங்க என்று உள்ளேயிருந்து பதிலும் வந்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கும் முன்னால் நீங்கள் யார் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அந்த வீட்டில் ஒரு மாடு விற்பனைக்கு இருந்தது. அதைப் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்து, பின்பக்கம் அழைத்துப் போய் மாட்டைக் காட்டினார்கள். பெண் வீட்டார் தங்கள் வசதியைக் காட்டுகிறார்கள் என்று என் மாமனார் எண்ணி, மாட்டைச் சுற்றி வந்து மரியாதையாகப் புகழ்ந்திருக்கிறார். வீட்டுக்காரர் விலையைச் சொன்ன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. நான் மேல் டிவிஷனில் சேலை கட்டி, பூ வைத்து, ஆறிப்போன உளுந்து வடையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்து சேர்ந்த மாப்பிள்ளை, வயிறு நிறைந்திருக்கிறது என்று ஒரே ஒரு வடைதான் எடுத்தார். முதல் பார்வையிலேயே எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

இதுவும் அதேதான். கடையிலிருந்து வரும் ரவுட்டர்கள் பல, வீட்டு எண்களை ஒரே மாதிரித்தான் தொடங்கும் போலிருக்கிறது. எங்கள் ரவுட்டரும் ஆபீஸ் ரவுட்டரும் ஒரே வரிசையில் எண் கொடுத்திருக்கின்றன. அங்கே சர்வருக்கு என்ன எண்ணோ, இங்கே அக்காவின் டீவிக்கும் அதே எண். என் லேப்டாப் பாவம், இந்த எண் நம் லயத்திலேயே இருக்கிறதே, எதற்குக் கொழும்புவரை போக வேண்டும் என்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. டீவியும் மரியாதையாக, இருக்கிறேன் வாங்க, என்றிருக்கிறது. கப்பல் பத்திரத்துக்கு அது எங்கே போகும்? பதில் வருகிற வீடெல்லாம் நாம் தேடிப்போன வீடு ஆகிவிடாது என்று என் மாமனாரைக் கேட்டிருந்தால் திங்கட்கிழமையே சொல்லியிருப்பார்.

அய்யேவைக் கூப்பிட்டேன். ரம்புக்கனை ரயிலில், நின்றுகொண்டு போகிறார். இரைச்சலுக்கு மேலாக நான் டீவி கதையைச் சொன்னேன். விளங்கவில்லை. மாட்டுக் கதையைச் சொன்னேன். அப்புறம் புதும வெடக், அதிசயமான வேலை என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். அவர்களுக்கும் மாட்டுக் கதையைச் சொல்வது கேட்டது. எனக்கோ இங்கே நெருப்பில் நிற்பது போல இருந்தது. கப்பலை ஞாபகப்படுத்தினேன். கொழும்பில் அவர் சோதித்துப் பார்த்தது ஃபோன் இணைப்பில், அது வேறு வரிசை எண்களாம். அதனால்தான் அங்கே திறந்ததாம். ஆபீசின் எண்களை ஒரு ராத்திரியில் மாற்ற முடியாது, உன் லயத்தின் எண்களை மாற்று, என்றார். ரவுட்டரின் அமைப்புகள் இருக்கும் இணையப் பக்கத்துக்குள் போக வேண்டும். நாலு பகுதியாக இருக்கும் எண்ணில் மூன்றாவது பகுதியை மட்டும் மாற்றிச் சேமிக்க வேண்டும். மாற்றும்போது எல்லோருடைய வைஃபையும் ஒருமுறை அறும், இந்த ஃபோனும் அறும், பயப்படாதே, என்றார்.

ரவுட்டரின் அடியில்தான் உள்ளே நுழைவதற்கான சொல் ஒட்டியிருக்கும். அக்கா ஒரு நாற்காலியில் ஏறி, திரு இருதயத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை இரண்டு கையாலும் இறக்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மகன் இன்னைக்கு ராத்திரி ஃபோன் கோல் எடுப்பான் தங்கச்சி. அதுக்குள்ள வந்துருமா?”

வரும் என்று சொன்னேன். எனக்கே நிச்சயமில்லை. ஒருவேளை நான் எதையாவது கெடுத்துவிட்டால், கப்பலும் போகும், கட்டாரும் போகும், லயத்துச் சாபமும் சேரும். ஃபோனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது எண்ணை அழித்தேன். புதிதாக எந்த எண்ணைப் போடுவது என்று அய்யே சொல்லவில்லை, ஆபீசின் எண் இல்லாமல் எதுவும் சரி என்றிருந்தார். எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டேன். என் புருஷனுக்கு அது இரண்டு வருடமாக மறந்துபோகிறது. இனியாவது ஞாபகம் இருக்கட்டும். சேமி என்பதை அழுத்தினேன். அய்யேவின் குரல், ரயில், எல்லாம் ஒன்றாக அறுந்தன. ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன.

லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. இந்த வாரம் என் சத்தத்தை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் பயமோ என்னவோ. அக்கா விட்ட இடத்திலிருந்து ஜெபமாலையைத் தொடர்ந்தார். மூன்றாம் பத்துமணி முடியும்போது விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் எங்கள் காம்பராவுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். பச்சை வந்தது. பச்சையை நான் நம்புவதை நிறுத்தி நான்கு நாளாகிறது. ஃபோல்டரைத் திறந்தேன்.

திறந்தது. உள்ளே என் பத்திரங்கள், நான் வைத்துவிட்டு வந்த வரிசையிலேயே இருந்தன. நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் மூடிக்கொள்ளுமோ என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். என் புருஷன் பின்னால் பால் சேர்க்காத ஒரு பிளேன்டீயோடு நின்றுகொண்டே இருந்தார். அதைக் குடிக்கச் சொல்லவும் அவருக்குப் பயம். பத்திரங்கள் முடிந்து, மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்தேன், எல்லாம் சரி, அடுத்த மாதம் ஒருநாள் ஆபீசுக்கு வா, என்று பதில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார். மாட்டுக் கதை அங்கேயும் போய்விட்டது.

மூங்கில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று என் புருஷன் இன்றுவரை நம்புகிறார். அதை நான் திருத்துவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது திங்கட்கிழமையைப் பற்றி. ஃபோனில் அலாரத்தை எடுத்துவிட மறந்துவிட்டேன். கொழும்பு பஸ்சுக்காக அது வழக்கம்போல விடியற்காலையில் அடித்தது. எழுந்து பார்த்தால், பழக்கதோஷத்தில் அவரும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். கீழே ரோட்டில் பஸ் வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

“பஸ் போயிருச்சு,” என்றார்.

“போகட்டும்,” என்றேன்.

குடித்து முடித்ததும் அவர் இரண்டு கோப்பைகளையும் உள்ளே கொண்டுபோய்க் கழுவினார். திங்கட்கிழமைகளில் நான் போன பிறகு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. தன் கோப்பையை அடுப்புப் பக்கத்தில் வைத்தார். என்னுடையதைத் துணியால் நன்றாகத் துடைத்து, எட்டி, உயரத்தில் இருக்கும் தட்டில் கவிழ்த்து வைக்கப் போனார். அங்கே தூசு படாமல் இருக்க ஒரு சின்னத் துணி ஏற்கெனவே விரித்திருந்தது. கை பாதி வழியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கோப்பையைக் கீழே இறக்கி, தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.